வலை பொத்துகிற கை

கடலுக்குப் போகிறவனின் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புயலில் இருந்துதான் தொடங்குவார்கள். அலை படகுக்குள் விழுகிறது, அவன் ஆண்டவரைக் கூப்பிடுகிறான். உண்மைதான், கூப்பிடுவோம். சோளகம் குமுறுகிற நாளில் தென்கடலில் நின்றால் எவனும் யாரையாவது கூப்பிடுவான். அந்தச் செபத்துக்குப் பயமே போதும். நான் சொல்ல நினைப்பது கரையில் நடக்கிற வேலையைப் பற்றி. பூவரச நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்களைப் பொத்துகிற வேலை. வேதம் என் தொழிலுக்குள் இறங்கியது அந்த வழியாகத்தான்.

நாங்கள் மன்னார் தீவின் வடகரை ஆக்கள், பேசாலைப் பக்கம். ஒடுங்கிய தீவு இது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா; எங்கள் வாயில் வடகடல், தென்கடல். சோளக மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்தால் நிலைமை தலைகீழாகும். காற்றைப் பார்த்துக் கரை மாறுவது எங்களுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். காற்று எந்தப் பக்கம் மாறினாலும், கடலில் நிற்கிற நேரத்துக்குக் குறையாத நேரம் வலையோடு கரையில் போகும். வெளியூர் ஆக்கள் படம் பிடிப்பது படகை. வலைக்குவியலுக்குள் குனிந்திருப்பவனை யாரும் பிடிப்பதில்லை.

சுவிசேஷத்தில் அந்தக் குனிந்த ஆள் இருக்கிறான். செபதேயுவின் மக்கள் இருவரை ஆண்டவர் கூப்பிட்டபோது அவர்கள் படகில் இருந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா எழுதுகிற இடம் எனக்கு இன்னும் நெருக்கம். இரவு முழுக்கப் பாடுபட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்த இராயப்பரும் கூட்டாளிகளும் அங்கே வலை கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவனுக்கு இதன் பாரம் விளங்கும். மீன் பட்ட நாளில் வலை கழுவ யாருக்கும் மனம் வரும். வெறும் வலையோடு வந்த விடியலில், கையும் இடுப்பும் விட்டுப்போன நேரத்தில், வலையைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போய்ப் படுக்கத்தான் தோன்றும். ஆனால் பாசியும் சேறும் ஒட்டிய வலை தண்ணீருக்குள் மீனுக்குத் தெரியும். அடுத்த இரவும் வீணாகும். இராயப்பர் அன்று கழுவினார். அதனால் ஆழத்துக்குப் போய்ப் போடு என்று ஆண்டவர் சொன்னபோது, போடுவதற்கு ஒரு வலை ஆயத்தமாக இருந்தது. அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன். கழுவின வலையைப் பற்றியும் ஒரு பிரசங்கம் வேண்டும்.

பொத்துகிற வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். புதிதாகப் பழக வருகிற பொடியன்களுக்கு விளங்காத முதல் காரியம், கிழிசலைப் பொத்துமுன் அதை இன்னும் வெட்ட வேண்டும் என்பது. முருகைக்கல் இழுத்த கிழிசலோ மீன் கடித்த கிழிசலோ, அதன் ஓரம் ஒழுங்காக இராது. ஒரு முடிச்சில் ஒரு இழை தொங்கும், பக்கத்து முடிச்சில் எல்லாமே அறுந்திருக்கும். அப்படியே ஊசியை விட்டால் கண்கள் கோணும், ஒரு இடம் இழுக்கும், இன்னொரு இடம் தொய்யும். அதனால் கத்தி எடுத்து, தொங்குவதையெல்லாம் நறுக்கித் தள்ள வேண்டும். மேலே மூன்று கால் நிற்கிற ஒரு முடிச்சு, கீழே மூன்று கால் நிற்கிற ஒரு முடிச்சு, இடையில் உள்ளவற்றில் எல்லாம் இரண்டிரண்டு கால். இப்படிச் சுத்தப்படுத்திய பிறகு, மேல் முடிச்சில் தொடங்குகிற நூல் ஒரு இடத்திலும் அறாமல் சுற்றி வந்து கீழ் முடிச்சில் முடியும். முதல் பார்வைக்குக் கை அகலம் இருந்த கிழிசல், வெட்டிய பிறகு முழ அகலம் ஆகிவிடும். பழகுகிறவனின் முகம் அந்த இடத்தில் வாடும். பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருக்கும்போது எனக்கு இந்தக் கத்தி நினைவுக்கு வரும். தொங்குகிற இழையை வைத்துக்கொண்டு பொத்தப் பார்க்கிற ஆசை அங்கேயும் உண்டு.

அடுத்தது முடிச்சு. வலது கையில் வலையூசி. இடது கையில் கண்ணின் அளவுக்கு ஒரு மட்டச் சட்டம். கை தேர்ந்தவனுக்கு விரலே மட்டம். நூலைக் கண்ணுக்குள் விட்டு, பின்னால் சுற்றி, இழுத்து இறுக்குகிற நொடியில் இடது பெருவிரல் முடிச்சின் மேல் அமர்ந்து நிற்க வேண்டும். அமராவிட்டாலும் முடிச்சு விழும், பார்வைக்கு மற்ற முடிச்சுப் போலவே இருக்கும். கடலுக்குள் ஒரு பாரையோ சீலாவோ முட்டும்போது அது வழுகி, கண் அகன்று, மீன் போய்விடும். எந்த முடிச்சு வழுகியது, யார் போட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. வலை பொத்துகிறவனை மேற்பார்க்க ஆள் இல்லை. பகலெல்லாம் ஆயிரம் முடிச்சு, அத்தனையிலும் அந்தப் பெருவிரல் அமர்கிறதா இல்லையா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த கதை. தொழிலுக்குள் விசுவாசத்தை அழைப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெருவிரலைத்தான் காட்டுவேன்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுகிறவர்கள் எங்கள் கரையில் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. வாய் செபமாலையில் ஓடினால் கை தன்பாட்டுக்கு ஓடும். செபத்துக்கும் பாதி மனம், வேலைக்கும் பாதி மனம். செபமாலைக்கு உரிய நேரம் வேறு இருக்கிறது. படகைத் தள்ளும்போது இயேசு மரி சூசை என்று சொல்லி, கடல் நீரைத் தொட்டுச் சிலுவை போடுவோம். வலை விட்டு முடித்து, எஞ்சினை நிற்பாட்டி, நங்கூரத்தில் கிடக்கிற இருட்டில் ஐந்து தேவ இரகசியமும் அவசரமில்லாமல் சொல்ல நேரம் இருக்கும். பொத்தும்போது கண்ணும் விரலும் நூலில் இருக்க வேண்டும். அந்தக் கவனத்தையே ஆண்டவர் செபமாக எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் சூசையப்பர் உளி பிடித்தபோது வேறு என்ன செய்திருப்பார்?

இது எனக்கு மட்டும் தோன்றிய எண்ணம் அல்ல. மன்னாரின் வேத சரித்திரமே இப்படித்தான் ஓடியிருக்கிறது. 1544இல் இந்தத் தீவு மக்கள் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு ஆளனுப்பி வேதம் கேட்டார்கள். எதிர்க்கரையில் பரவர் ஊர்களில் வேலையாக இருந்த அவர் தான் வரமுடியாமல் ஒரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் வெட்டுண்டார்கள். தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளை நினைத்து இன்றும் கூடுகிறோம். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, நூல்களும் இல்லை. மனனம் செய்த சில செபங்களும், கடலும் கரையும் சார்ந்த பிழைப்பும்தான் இருந்தன. வேதம் தங்குவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். குருமார் வெளியேற்றப்பட்டார்கள், பூசை தடைப்பட்டது. 1670இல் மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் மடுக் காட்டுக்குள் போயின. ஜோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது 1687இல். இடையில் ஏறத்தாழ முப்பது வருடம்! அந்த முப்பது வருடத்தின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை, அது முடியுமுன் தாயோ தகப்பனோ ஆகிவிடும். பூசை இல்லாத அந்தக் காலத்தில் விசுவாசத்தைத் தாங்கியது வீடும், மூப்பரும், அன்றாட வேலையும். மாலையில் விளக்கேற்றுகிற கையும், மீனைப் பங்கு வைக்கிற கையும் அதை வைத்திருந்தன. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். கூட்டத்துக்குள் நின்ற எனக்கு, பெயர் தெரியாத அந்த முப்பது வருடத்து மூப்பர்களின் நினைவுதான் வந்தது.

கடலுக்குத் திரும்புகிறேன். வடகடல் ஆழம் குறைந்த கடல், அடியில் சாதாளை படர்ந்த நிலம். நண்டுக்கு நல்ல இடம். பின்னேரம் நண்டு வலை விட்டு விடியலில் எடுப்போம். நீலக்கால் நண்டு வலையில் படுவது மீன் படுவதைப் போல் அல்ல. சிக்கிய பின் தானே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு காலிலும் பத்து இழையை முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்குள் எங்கள் விரலையும் ஒரு கை பார்த்துவிடும். அவற்றுக்குள் சினை நண்டும் வரும். வயிற்று மடலுக்கு வெளியே செம்மஞ்சள் நிறத்தில் முட்டை திரண்டு நிற்கும். பொரிக்கிற நாள் கிட்டக் கிட்ட அது கறுக்கும். ஒரு தாய் நண்டில் லட்சக்கணக்கான முட்டை. நிறுவையில் அது பாரம் கூடின நண்டு. முட்டையைச் சுரண்டிவிட்டு மற்றதோடு கலந்து கொடுத்தால் கூடைக்குள் அடையாளம் தெரியாது.

அந்த நண்டைத் திரும்பக் கடலில் விடுவது என்று தீர்மானித்தால், அதை எப்படிக் கழற்றுவது என்பது அடுத்த கேள்வி. காலை முறித்தால் ஒரு நொடியில் வந்துவிடும். கால் போன தாய் நண்டை விடுவதும் விடாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முறிக்காமல் கழற்ற வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். பொறுமைக்கும் அவிழாத சிக்கு என்றால் வலையின் கண்ணை வெட்ட வேண்டும். என்னோடு தொழிலுக்கு வருகிற பொடியன் ஒருநாள் கேட்டான்.

“பெரியப்பா, ஒரு நண்டுக்காக நல்ல வலையை வெட்டுறீங்களே?”

“வெட்டினதைப் பொத்தலாம் தம்பி. அதைப் பொத்த ஏலாது.”

நாங்கள் வெட்டுகிற ஒவ்வொரு கண்ணும் கரையில் பொத்த வேண்டிய இன்னொரு கண். இரக்கத்துக்கு எப்போதும் ஒரு வேலைக்கூலி இருக்கிறது. அதை யாரோ உட்கார்ந்து கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். பகலில் நான் பொத்துகிற கிழிசல்களில் சில, கல் கிழித்தவை. சில, நானே தெரிந்து வெட்டியவை. அவற்றுக்கு ஊசி பிடிக்கும்போது கை கொஞ்சம் சந்தோஷமாக ஓடும்.

தங்கூசி வலை வந்த பிறகு பலர் பொத்துவதையே விட்டுவிட்டார்கள். மலிவு, கிழிந்தால் எறி, புதிது போடு. எறிகிற இடம் கடலாக இருந்தால் அந்த வலை சாகாது. ஆளில்லாமல் கிடந்து மீனையும் நண்டையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். இந்தக் கடலில் மிச்சமிருக்கிற ஆவுளியா என்கிற கடற்பசுவும் மாட்டினால் மூச்சுக்கு மேலே வரமுடியாமல் போய்விடும். அறுந்த வலையை இரண்டு நாள் கொழுக்கி போட்டுத் தேடி எடுத்து வருவதில் எண்ணெய்ச் செலவுதான் மிச்சம் என்று சொல்வார்கள். இருக்கட்டும். ஆறாம் நாள் மாலையில் தாம் உண்டாக்கினதெல்லாம் நல்லதென்று கண்ட ஆண்டவருக்கு முன்னால், நான் விட்டுவந்த வலைக்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. 1990இல் சண்டை மூண்டபோது எங்கள் கரையில் இருந்து ஏராளமான குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் தங்கின. நானும் போனேன். கடல் பக்கத்தில், படகு இல்லை. முகாமுக்கு வெளியே அந்தக் கரை ஆக்கள் வலை பொத்தக் கூப்பிட்டார்கள். அவர்களும் எங்களைப்போல் அந்தோனியாருக்கு நேர்ந்துகொள்கிறவர்கள். தங்கள் சோற்றில் எனக்கும் பங்கு வைத்தார்கள். இந்தக் கை அவர்களுடைய வலையைப் பொத்தித்தான் அந்த வருடங்களில் தன் தொழிலை மறக்காமல் இருந்தது.

ஊர் திரும்பி, கடன் வாங்கி வலை சேர்த்த பிறகு, இரவில் அந்தக் கரையில் இருந்து இழுவைப் படகுகள் வந்தன. விட்ட வலையில் பாதி காணாமல் போயிருக்கும். மிச்சம் ஈயமும் மிதப்பும் அறுந்து, சேறு அப்பி, கந்தலாக வரும். அடியோடு வாரிப் போகிற அந்த இழுவையில் சாதாளையும் குஞ்சும் போகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. கடல் அந்தச் சட்டத்தை இன்னும் முழுதாகக் காணவில்லை. கந்தலை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கரை மனிதரின் சோற்றைத் தின்றேனோ அந்தக் கரையைச் சபிக்க வாய் வரும். அப்போது என்ன செய்வது என்பதற்குப் பிரசங்கத்தில் இலகுவான பதில் உண்டு. ஊசி பிடித்திருக்கிற கையில் அது இலகுவாக இல்லை.

நான் செய்வது இதுதான். சபிக்க வருகிறபோது வெட்டத் தொடங்குவேன். தொங்குகிற இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று கால் முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்குவேன். வேலை முடியும்போது கோபம் போயிருக்காது. ஆனால் அது நியாயம் கேட்கிற அளவுக்குச் சுருங்கியிருக்கும். சங்கத்தில் எழுந்து, இழுவை மடி நிற்க வேண்டும், எங்கள் நட்டத்துக்குப் பதில் வேண்டும் என்று உரக்கச் சொல்கிறேன், இனியும் சொல்வேன். தபசு காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்குப் போய், அந்தக் கரை ஆக்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறேன். 2016இல் அங்கே புதுக்கோயில் எழும்பிய பிறகும் அப்படியே. இரண்டையும் ஒரே மனம் செய்ய முடிகிறது என்பது எனக்குக் கிடைத்த வரம். அதை ஊசிதான் பழக்கியது.

வேலையின் மதிப்பைப் பற்றித் திருச்சபையும் பேசியிருக்கிறது. மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981 ஜனவரியில். அதே வருடம் செப்டம்பரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வேலையின் மதிப்பு அது எந்த வேலை என்பதால் வருவதில்லை, அதைச் செய்கிறவன் மனிதன் என்பதால் வருகிறது என்பது அதன் சாரம். அதைப் படித்துச் சொன்ன ஒரு சுவாமியிடம், அப்படியானால் பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேசுவோம் சுவாமி என்றேன். அவர் வாடிக்கு வந்து உட்கார்ந்து பேசினார்.

எங்கள் முறையில் எண்ணெய்ச் செலவு கழித்து, படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆக்களுக்கு மிச்சம். கரையில் வந்து படகு இழுக்கக் கை கொடுத்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு. வலை பொத்துகிறவனுக்குச் சில இடங்களில் கூலி, சில இடங்களில் நன்றி. நண்டு கழற்றுகிற பெண்களின் விரல் வெட்டுக்கு இன்னும் சரியான விலை இல்லை. யோவான் எழுதின கடைசி அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கரையில் தணல் மூட்டி மீன் வைத்திருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே மீன் இருக்கிறது. இருந்தும், இப்போது பிடித்ததில் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்று சீஷரிடம் கேட்கிறார். அவர்கள் பாடு இல்லாமல் அந்தக் காலைச் சாப்பாட்டைப் பரிமாற அவர் விரும்பவில்லை. வலை கிழியவில்லை என்றும் யோவான் குறித்து வைத்திருக்கிறார். நூற்று ஐம்பத்து மூன்று பெரிய மீனைத் தாங்கின அந்த வலையை யார் பொத்தினார்களோ, அவர்களும் அந்தத் தணலைச் சுற்றி இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஞாயிறு நாங்கள் வலை விடுவதில்லை. எருக்கலம்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் உறவுகளுக்கு வெள்ளி எப்படியோ, எங்களுக்கு ஞாயிறு அப்படி. கடனும் வட்டியும் கழுத்தை நெரிக்கிற காலத்தில் இளம் ஆக்களுக்கு இது பாரமாகத் தெரிகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நாள் கடலை விட்டுவிடுவதும் தொழில்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கடலுக்கும் அந்த ஒரு நாள் தேவை.

திருநாளில் எங்கள் கரையில் படகுகளை ஆசீர்வதிப்பார்கள். பூவும் கொடியும் கட்டி வரிசையாக நிறுத்துவோம். சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். எனக்கு அதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, பங்குச் சபையிலும் சொல்லியிருக்கிறேன். அடுத்த திருநாளுக்கு வலையூசியையும் வைப்போம். நண்டு கழற்றுகிற பெண்களின் கைகளுக்கும் தீர்த்தம் விழட்டும். பங்கு எழுதுகிற கொப்பியையும் வைப்போம், மீன் நிறுக்கிற தராசையும் வைப்போம். படகை ஆசீர்வதிப்பதற்குத் தீர்த்தம் போதும். தராசை ஆசீர்வதித்தால் அதற்குப் பிறகு அதில் கை வைக்க முடியாது. சிலர் யோசிக்கட்டும் என்றார்கள். நல்லது, யோசிக்கட்டும். எங்கள் வாடித் தராசை நான் முதலில் கொண்டுவந்து வைக்கிறேன்.